காற்றைக் கேட்காமல் வரைந்த வட்டம்

மாவட்ட ஆட்சியருக்கும், அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கான அவசரகாலத் திட்டத்தை எழுதிக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

எங்கள் ஊராட்சிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு காற்றுப்பை கட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தோம். விமான நிலையங்களில் கம்பத்தின் உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாக ஆடிக்கொண்டிருக்குமே, அந்தத் துணிக்குழாய்தான். துணி எங்கள் செலவு. கம்பமும் எங்கள் செலவு. தைத்துக் கொடுக்க ஊர்த் தையல்காரர் கூலிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான்கு மாதம் கழித்து உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. பொதுமக்களிடம் தேவையற்ற அச்சத்தை உண்டாக்கும் என்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லையாம்.

இரண்டு முழத் துணி காற்றில் ஆடுவதைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. படித்துவிட்டு மடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வீடு உலையிலிருந்து வடமேற்கே 8 கிலோமீட்டரில் இருக்கிறது. மாடியில் ஏறினால் புகைபோக்கி தெரியும். ஊரின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எந்த ஓர் அலுவலரையும் சிக்கலில் மாட்டிவிடுவது என் நோக்கமல்ல. பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு எந்த ஊர் என்று தெரியும். உலையை மூடச் சொல்லும் மடலும் அல்ல இது. அந்த வழக்கு தனி. உலை இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம் என்ற நிலையில் எழுதுகிறேன்.

மே மாதம் நீங்கள் நடத்திய ஒத்திகையிலிருந்து தொடங்குகிறேன்.

பிற்பகல் 2.45க்குச் சங்கு ஊதியது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் தெருத் தெருவாக வந்து, கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருக்கச் சொன்னது. பிறகு அதே ஜீப் திரும்பி வந்து, எல்லோரும் பெருமாள் கோயில் திடலுக்கு வரச் சொன்னது. நான்கு பஸ்கள் நின்றன. சங்கு ஊதியதிலிருந்து முதல் பஸ் கிளம்பும் வரை ஒரு மணி பத்து நிமிடம் ஆனது; கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தேன். வடமேற்குச் சாலையில் 6 கிலோமீட்டர் போய் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இறக்கினார்கள். வருகைப் பதிவு, புகைப்படம், புளியோதரைப் பொட்டலம். எங்கள் தெருவில் எழுந்து நடமாட முடியாமல் படுத்திருக்கும் பாட்டி ஒருவர் அன்று வீட்டை விட்டு நகரவேயில்லை. அவரும் பஸ்ஸில் வந்து சேர்ந்ததாகப் பட்டியலில் இருந்தது. இருக்கட்டும், என் புகார் அதைப் பற்றியது அல்ல.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் பார்த்தது பள்ளிக் கொடிக்கம்பத்தில் கட்டியிருந்த தோரணத்தை. அது வடமேற்குப் பக்கம் விறைத்துப் பறந்துகொண்டிருந்தது. அதாவது காற்று தென்கிழக்கிலிருந்து, கடலிலிருந்து வருகிறது. உலைக்குத் தென்கிழக்கில் கடல். உலைக்கு வடமேற்கில் எங்கள் ஊர். எங்கள் ஊருக்கு வடமேற்கில் இந்தப் பள்ளி. நான்கும் ஒரே கோட்டில். வைகாசி மாதப் பிற்பகலில் இந்தக் கடற்கரையில் வேறு எப்படியும் காற்று அடிக்காது. ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும். உலையில் உண்மையாகவே ஏதாவது கசிந்திருந்தால், அது போகும் வழியிலேயே எங்களையும் ஏற்றிக்கொண்டு போய், அது வந்து சேரும் இடத்திலேயே இறக்கி, கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கொடுத்திருக்கிறீர்கள்.

வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த இளம் அலுவலரிடம், "தம்பி, இப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்று கேட்டேன். மரியாதையான பிள்ளை. "அதெல்லாம் நிலையத்து நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் சார், நீங்கள் இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றார். போட்டேன்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். கடற்காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால் மணிக்கு 18 கிலோமீட்டர். உலையிலிருந்து எங்கள் ஊர் வர அதற்கு அரை மணி நேரம்கூட வேண்டாம். உங்கள் முதல் பஸ்ஸுக்கு எழுபது நிமிடம். காற்றோடு ஓட்டப்பந்தயம் நடத்தி யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் அதன் குறுக்கே விலகிப் போய்விடலாம். உங்கள் திட்டத்திலேயே 16 கிலோமீட்டர் வட்டத்தை, ஊத்தப்பத்தை வெட்டியது போல, 22.5 பாகைக்கு ஒன்றாகப் பதினாறு துண்டு போட்டிருக்கிறீர்கள். 8 கிலோமீட்டர் தொலைவில் ஒரு துண்டின் அகலம் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாதுகாப்புக்காக இரு பக்கமும் ஒவ்வொரு துண்டைச் சேர்த்துக்கொண்டாலும், நடுவில் இருப்பவர் ஓரத்துக்குப் போக 5 கிலோமீட்டர்கூட இல்லை. ஏரிக்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்தால் அரை மணிக்குள் வெளியே வந்துவிடலாம். அந்தச் சாலை வடகிழக்கே போகிறது. அன்று அந்தச் சாலையின் வாயிலில் தடுப்பு வைத்துப் போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தீர்கள்.

துண்டு போட்டது யார் என்று கேட்டால், காற்றைப் புரிந்துகொண்ட ஒருவர்தான் போட்டிருக்க வேண்டும். காற்றின் திசையைக் குறிக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் பதினாறு திசைகளாகத்தான் பிரிக்கப்படுகின்றன. ஆக, திட்டத்தின் காகிதத்துக்குக் காற்று தெரியும். அந்தக் காகிதம் ஊருக்குள் வரும்போது துண்டெல்லாம் அழிந்து, சிவப்பு மையில் வெறும் வட்டமாகிவிடுகிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் படத்தில் 1.6 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர், 16 கிலோமீட்டர் என்று மூன்று வளையங்கள் இருக்கின்றன. எங்கள் ஊர் எந்தத் துண்டில் இருக்கிறது என்று ஊராட்சித் தலைவருக்கே தெரியாது. கேட்டேன்.

என் தகப்பனார் படிக்காதவர். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல் தூற்றும்போது, முறத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு பிடி மண்ணை அள்ளி மேலேயிருந்து சிந்துவார். அது சாயும் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிற்கும் இடத்தை முடிவு செய்வார். பிள்ளைகள் நாங்கள் கீழ்க்காற்றுப் பக்கம் நின்றால் அடி விழும். நெல் காலடியில் விழும். பதர் பத்தடி தள்ளி விழும். தூசு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, பக்கத்துக் களத்துக்காரர் வந்து சண்டை போட்டால்தான் தெரியும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதை இப்போது எல்லோரும் வாய்ப்பைத் தவறவிடாதே என்ற பொருளில் மட்டும் சொல்கிறார்கள். அவருக்கு அது நேரான பொருளில் வேலைக் குறிப்பு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றை அழைத்த மொழியில், உலை விபத்துக்கான உங்கள் துண்டறிக்கை நான்கு பக்கம். காற்று என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை.

திசை மட்டும் அல்ல, நேரமும் இதில் சேரும். இதை எங்கள் பள்ளிப் பிள்ளைகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கு மேற்கே புகைபோக்கி வைத்த செங்கல் சூளை ஒன்று இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் புகையை நாள்தோறும் வரைந்துவரச் சொல்வேன். நண்பகலில் புகை பாம்பு நெளிவது போல மேலும் கீழுமாக வளைந்து போகும். தரை சூடேறிக் காற்று கொதிப்பதால் அப்படி. மேகமூட்டமும் காற்றும் உள்ள நாளில் கூம்பு போல விரியும். மார்கழி, தை விடியற்காலையில் மட்டும் விசித்திரம். புகை மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. நாடா போலத் தட்டையாக, தடிமன் குறையாமல் கூடாமல், ஊர் தாண்டியும் நீண்டு கிடக்கும். தரைக்குப் பக்கத்தில் குளிர்ந்த காற்று, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று என்று மூடி போட்டது போல இருப்பதால் கலக்காமல் நிற்கிறது.

எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தரையிலிருந்து கொதிப்பு கிளம்பி அந்த நாடாவைத் தொடும். தொட்டதும் மொத்தப் புகையும் ஒரேயடியாகக் கீழே இறங்கும். காலை வழிபாட்டுக் கூட்டம் நடக்கிற நேரம் அது. நீராருங் கடலுடுத்த பாடும்போதே பிள்ளைகள் இருமுவார்கள். மற்ற மாதங்களில் இருமல் கிடையாது. அதே சூளை, அதே புகை, அதே தூரம்.

இதை 1961இல் பாஸ்குவில் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் ஆறு வகையாகப் பிரித்து எழுதினார். வெயிலின் கடுமை, மேகம், காற்றின் வேகம், பகலா இரவா என்று பார்த்தால் போதும். காற்று எவ்வளவு கலக்கும் என்று மதிப்பிட்டுவிடலாம். அணுமின் நிலையங்களில் இன்றும் கசிவுப் பரவலைக் கணக்கிட அந்த வகைப்பாட்டை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். கலக்கம் மிகுந்த நண்பகலில் வெளியேறுவது விரைவில் விரிந்து நீர்த்துப்போகும். கலக்கம் அற்ற பின்னிரவில் வெளியேறுவது நீர்க்காமல், ஒரு கற்றையாக, நெடுந்தூரம் போகும். ஒரே அளவு கசிவு, இரண்டு வேறு விபத்துகள்.

கடற்கரை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. இதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரின் தலையெழுத்து இதில் இருக்கிறது. பகலில் கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அடங்கியது. அது சூடேறிய மணலைத் தொட்டதும் அடியிலிருந்து கொதிக்கத் தொடங்குகிறது. அந்தக் கொதிப்பு கரையோரத்தில் கொஞ்ச உயரம்தான். உள்ளே போகப் போகச் சாய்தளம் போல உயர்ந்துகொண்டே போகும். கரையில் நிற்கும் உயரமான புகைபோக்கியிலிருந்து வெளியேறுவது, அந்தக் கொதிப்புக்கு மேலே உள்ள அடங்கிய காற்றில் கலையாமல் மிதந்து வருகிறது. சில கிலோமீட்டர் உள்ளே, கொதிப்பு அதன் உயரத்தை எட்டும் இடத்தில், சூளைப் புகை இறங்கியது போலவே தரைக்கு இறங்குகிறது. சூளையிலாவது அது அரை மணி நேர வேலை. கடற்காற்று வீசும் வரை இது மணிக்கணக்கில் நடக்கும். ஆக, உலையின் வாயிலில் நிற்கும் காவலாளியைவிட உள்ளே சில கிலோமீட்டர் தள்ளிக் கடலை பறித்துக்கொண்டிருக்கும் பெண் அதிகம் சுவாசிக்க நேரலாம். தூரம் போனால் பாதுகாப்பு என்று வட்டம் சொல்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்காற்று அதை ஒப்புக்கொள்வதில்லை. இரவில் கரைக்காற்று கடலுக்குள் தள்ளிய காற்று, மறுநாள் பகலில் திரும்பி வருவதும் உண்டு.

அதே விபத்து ஆடி மாதம் காலை எட்டு மணிக்கு நடக்கிறது என்று வையுங்கள். மேல்காற்று அடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் கடலுக்குப் போகும். எங்களுக்குப் பஸ்ஸே வேண்டாம். பிற்பகலில் கடற்காற்று திரும்புவதற்குள் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கார்த்திகையில் வாடை அடிக்கும்போது நடந்தால், உலைக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள ஊர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் உங்களிடம் இருப்பது ஒரே சங்கு, ஒரே அறிவிப்பு, ஒரே பள்ளிக்கூடம்.

ஃபுகுஷிமாவில் நடந்ததை நீங்கள் பயிற்சி வகுப்புகளில் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும். அன்று இரவே 3 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியேற்ற உத்தரவு. மறுநாள் காலை 10 கிலோமீட்டர். அதே நாள் மாலை 20 கிலோமீட்டர். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. உலைக்குப் பக்கத்தில் இருந்த நமியே என்ற ஊரின் மக்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி, அதே ஊரின் மலைப்பகுதியான த்சுஷிமாவுக்குப் போனார்கள். உலையிலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், வடமேற்கே. வட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கினார்கள். 12ஆம் தேதி முதல் 15ஆம் தேதி வரை.

அந்த நாட்களில் ஜப்பான் அரசிடம் ஸ்பீடி என்ற கணினி அமைப்பு இருந்தது. கசிவு எந்தத் திசையில் பரவும் என்று வானிலையை வைத்துக் கணிப்பதற்கென்றே பல ஆண்டுகளாக உருவாக்கப்பட்டது. உலையில் மின்சாரம் போய்விட்டதால் எவ்வளவு கசிகிறது என்ற அளவு அதற்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் ஓர் அலகு கசிந்தால் எங்கே போகும் என்று அது மணிக்கு மணி படம் போட்டுக்கொண்டே இருந்தது. அளவு தெரியாவிட்டாலும் திசை தெரிந்திருந்தது. அந்தப் படங்கள் மார்ச் 14 அன்று அமெரிக்க ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. த்சுஷிமாவில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களுக்குப் போகவில்லை. பொதுமக்களுக்கு முதல் படம் வெளியானது மார்ச் 23 அன்று.

மார்ச் 15 அன்று இரண்டாம் உலையிலிருந்து பெரிய வெளியேற்றம். பகலில் காற்று திரும்பி வடமேற்கே வீசியது. மாலையில் மழை வந்தது, பிறகு பனி. காற்றில் கடந்து போயிருக்க வேண்டியதை மழை பிடித்துத் தரையில் போட்டது. ஈதாத்தே என்ற மலைக் கிராமம், உலையிலிருந்து 30 முதல் 45 கிலோமீட்டர் தொலைவு, மக்கள்தொகை சுமார் 6,000. கடலோரத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்துக்கொண்டிருந்த ஊர் அது. அன்று மாலை அங்கே கதிர்வீச்சு மணிக்கு 40 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டியது. எந்த வட்டத்துக்குள்ளும் அந்த ஊரின் பெரும்பகுதி இல்லாததால் யாரும் அவர்களைக் கிளம்பச் சொல்லவில்லை. ஏப்ரல் 22 அன்றுதான் அது வெளியேற்றப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்த கடலோர ஊர்கள் சிலவற்றில் ஈதாத்தேயைவிடக் குறைவாகவே படிந்திருந்தது.

அந்தப் படங்களை ஏன் வெளியிடவில்லை? அந்த ஆண்டு மே மாதம், பிரதமரின் ஆலோசகராக இருந்த கோஷி ஹோசோனோ செய்தியாளர்களிடம் காரணத்தைச் சொன்னார். மக்கள் பீதியடைந்துவிடுவார்கள் என்ற அச்சம்.

உங்கள் இரண்டு வரிக் கடிதத்தை இப்போது இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1957 செப்டம்பரில் சோவியத் நாட்டின் யூரல் மலைப் பகுதியில் அணுக்கழிவுத் தொட்டி வெடித்த கிஷ்திம் விபத்து. படிவு வடகிழக்கே 300 கிலோமீட்டர் நீள நாக்காக விழுந்தது. வரைபடத்தில் பார்த்தால் யாரோ தூரிகையை ஒரு முறை இழுத்தது போல இருக்கும். அடுத்த மாதமே இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீ. காற்றுப் போன வழியில் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கொட்டினார்கள். 1986 செர்னோபிலில் கசிவு பத்து நாள் நீடித்தது, காற்றோ பல திசைக்குத் திரும்பியது. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் பிரியான்ஸ்க் பகுதியில் மழை பெய்த இடங்களில் திட்டுத் திட்டாகச் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் படிந்தது. பிரிட்டனில் மழை பெய்த மலைகளில் மேய்ந்த ஆடுகளை விற்பதற்கு விதித்த கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. உலை சம்பந்தப்படாததாக இருந்தாலும் போபாலையும் சொல்லாமல் விட முடியாது. 1984 டிசம்பர் குளிர் இரவு, அடங்கிய காற்று, தரையோடு ஊர்ந்த வாயு. காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல ஆள் இல்லாமல் வாயு போகும் பக்கமே ஓடியவர்கள் எத்தனையோ பேர்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களையும் யோசித்துப் பார்த்தேன். கணிப்பு தவறினால் என்ன செய்வது என்பீர்கள். நியாயமான கேள்வி. ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே 2014 அக்டோபரில், மக்களை வெளியேற்றும் முடிவை ஸ்பீடி கணிப்பை நம்பி எடுப்பதில்லை, கருவிகள் காட்டும் அளவீட்டைத்தான் பார்ப்போம் என்று முடிவு செய்தது. சரி, கணிப்பை நம்ப வேண்டாம். நாளைக்குக் காற்று எப்படி அடிக்கும் என்று நான் கேட்கவில்லை. இந்த நிமிடம் எப்படி அடிக்கிறது என்று கேட்கிறேன். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை. நிலையத்திலேயே வானிலைக் கோபுரம் இருக்கிறது. வெவ்வேறு உயரங்களில் காற்றின் திசையும் வேகமும் ஓயாமல் பதிவாகின்றன. நம் நாட்டு அணு விஞ்ஞானிகள் கசிவுப் பரவலைக் கணிக்கும் அமைப்புகளைத் தாங்களே உருவாக்கியிருக்கிறார்கள். அவர்கள் திறமையில் எனக்கு ஐயமில்லை. அவர்களுக்குத் தெரிவது எங்கள் தெருவுக்கு வந்து சேருவதில்லை, அதுதான் குறை.

திசையெல்லாம் எதற்கு, எல்லோரையும் வெளியேற்றிவிட்டால் பத்திரம்தானே என்று இன்னொருவர் சொன்னார். பத்திரம் இல்லை. ஃபுகுஷிமாவில் வட்டத்துக்குள் இருந்த மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் அவசர அவசரமாக ஏற்றப்பட்ட நோயாளிகள் பலர் வழியிலும் அதற்குப் பின்னும் இறந்துபோனார்கள். கதிர்வீச்சு அவர்களைக் கொல்லவில்லை. பயணம் கொன்றது. எங்கள் தெருப் பாட்டியை எப்போது தூக்க வேண்டும், எப்போது கதவை அடைத்துவிட்டு வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், காற்று தெரிந்தாக வேண்டும். தைராய்டைக் காக்கக் கொடுக்கும் அயோடின் மாத்திரைக்கும் அதே கதைதான். காற்று வந்து சேருவதற்குச் சற்று முன்போ, வந்த உடனேயோ விழுங்கினால்தான் முழுப் பலன். வட்டாட்சியர் அலுவலக அலமாரியில் இருக்கும் மாத்திரை எங்கள் ஊர் வந்து சேர எத்தனை நேரம் ஆகும் என்று அந்த ஒத்திகையில் யாரும் அளந்து பார்க்கவில்லை.

பயத்தைப் பற்றி ஒன்று. எங்கள் ஊரில் உலையைப் பற்றிய பயம் காற்றுப்பையால் வருவதில்லை. சங்கு ஊதும், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். பஸ் வரும், எங்கே என்று சொல்ல மாட்டார்கள். அங்கிருந்து வருகிறது அது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மீனவர் பீதியடைவதில்லை. எந்த எண் என்று பார்த்து, படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் அந்த எண்ணைச் சொல்லிவருகிறோம். எங்களுக்கு ஒரு திசையைச் சொல்லக் கூடாதா?

எனவே, ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பேசி முடிவு செய்தபடி, நாங்கள் கேட்பவை இவை.

16 கிலோமீட்டருக்குள் உள்ள ஒவ்வோர் ஊரும் பதினாறில் எந்தத் துண்டில் இருக்கிறது என்பதை அந்த ஊரின் ரேஷன் கடைச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் பெயின்டில் எழுதுங்கள். உலை எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் போடுங்கள். ஒரு நாள் வேலை.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரே புகலிடம் என்ற ஏற்பாட்டை மாற்றி, வெவ்வேறு திசைகளில் இரண்டு குறித்துக் கொடுங்கள். எங்கள் ஊருக்கு வடமேற்குப் பள்ளி ஒன்று என்றால், ஏரிக்கரைச் சாலை வழியாக வடகிழக்கில் இன்னொன்று. எந்தக் காற்றுக்கு எந்தப் புகலிடம் என்பதைத் துண்டறிக்கையில் அச்சிடுங்கள்.

அறிவிப்பின் முதல் வாக்கியத்தில் காற்றைச் சொல்லுங்கள். "இப்போது காற்று தென்கிழக்கிலிருந்து வீசுகிறது; இன்னின்ன ஊர்களின் மீது போகிறது; அந்த ஊர்க்காரர்கள் இந்தச் சாலையில் போங்கள், மற்றவர்கள் வீட்டில் இருங்கள்." இவ்வளவுதான். காற்று மாறினால் அறிவிப்பையும் மாற்றுங்கள். மாற்றிச் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நிலையத்தின் வானிலைக் கோபுரம் காட்டும் காற்றின் திசை, வேகம், வெளியே உள்ள கதிர்வீச்சு அளவி காட்டும் எண் ஆகியவற்றை, விபத்து இல்லாத சாதாரண நாட்களிலும், ஊராட்சி அலுவலகங்களில் மின்பலகையில் காட்டுங்கள். சாதாரண நாளில் எண் எவ்வளவு என்று பார்த்துப் பழகியவருக்குத்தான் அசாதாரண நாளின் எண் புரியும்.

வெளிப்புற ஒத்திகை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடத்தப்பட வேண்டியது. அடுத்ததைத் தை மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு நடத்துங்கள். அதற்கு அடுத்ததை ஐப்பசி மழையில் நடத்துங்கள். வெயில் காய்ந்த மே மாதப் பிற்பகலில், பள்ளிக்கு விடுமுறை என்ற வசதிக்காக நடத்துவதை விட்டுவிடுங்கள். ஒத்திகை முடிந்ததும், அந்த நேரத்தில் உண்மையில் காற்று எப்படி வீசியது, மக்களை அனுப்பிய திசை சரியா என்ற ஒரு பக்க அறிக்கையை ஊராட்சிக்குக் கொடுங்கள். மே மாத ஒத்திகைக்கும் அந்த ஒரு பக்கம் எங்களுக்கு வேண்டும்.

கடைசியாக, காற்றுப்பை. நிராகரித்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அனுமதி கொடுங்கள். முடியாது என்றால், எந்த விதியின் கீழ் முடியாது என்று விதி எண்ணோடு, கையெழுத்தோடு, அறுபது நாட்களுக்குள் எழுதி அனுப்புங்கள். தையல்காரர் துணியை வெட்டி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உலைக்கு வடமேற்கே 8 கிலோமீட்டரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்